வாஷிங்டன் கடிதமும் மாசிக்காய் மையும்

அமெரிக்க விடுதலைப் போரின் தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் எழுதியதாக ஒரு கடிதம் விற்பனைக்கு வந்தால், அனுபவமுள்ள சேகரிப்பாளர் கையெழுத்தை ஆராய்வதோடு நிற்பதில்லை. மை தாளுக்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்பதையும் அதே கவனத்துடன் பார்க்கிறார்.

அக்கால மை நமக்கு அந்நியமானதன்று. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காயையும் அன்னபேதியையும் நீரில் கலந்து வேலம் பிசின் சேர்த்தால் ஏறக்குறைய அந்த மைதான் கிடைக்கும். மாசிக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், அன்னபேதியிலுள்ள இரும்புடன் சேர்கிறது. எழுதும்போது வெளிறியிருக்கும் எழுத்து, காற்றின் ஆக்சிஜன் பட்டதும் தாளின் இழைகளுக்குள்ளேயே கறுத்து நிலைத்துவிடுகிறது. காலப்போக்கில் அது பழுப்பாக மாறும். மையிலுள்ள அமிலமும் எஞ்சிய இரும்பும் தாளின் இழைப்பொருளான செல்லுலோஸைச் சிதைப்பதால், மை கனமாக விழுந்த இடங்களில் தாள் பொத்தலாவதும் உண்டு.

தாளோ கந்தல் துணியைக் கூழாக்கிக் கையால் வார்த்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வார்ப்புச் சட்டத்தின் கம்பிகள் பதித்த நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய 1 அங்குல இடைவெளியில் ஓடும் கோடுகளும் பெரும்பாலும் தெரியும். புற ஊதா ஒளியில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அப்படி ஒளிர வைக்கும் வெண்மையூட்டி 20ஆம் நூற்றாண்டின் சரக்கு.

ஆனால் தேர்ந்த போலிக்காரர் புதுத் தாளைத் தொடுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் இருந்த ராபர்ட் ஸ்பிரிங், பழைய புத்தகங்களிலிருந்து கிழித்த வெற்றுத் தாள்களில் வாஷிங்டன் பெயரால் போர்க்காலப் பயண அனுமதிச் சீட்டுகள் எழுதி, காப்பித் தூளால் பழுப்பேற்றி விற்றார். இத்தகைய போலியைப் பல நேரங்களில் காட்டிக்கொடுப்பது மடிப்பு. அந்நாளில் கடிதத்தாளையே மடித்து அரக்கு முத்திரை வைத்து அனுப்புவது வழக்கம். மடித்த இடத்தில் இழைகள் முறிகின்றன. மை ஊறாமல் காக்கும் ஜெலட்டின் பூச்சும் விரிசல் விடுகிறது. எழுதிய பிறகு மடித்த தாளில் மைக்கோடு மடிப்பின்மேல் சுத்தமாக உடைந்து நிற்கும். ஏற்கெனவே மடிந்து கிடந்த தாளில் எழுதினால், மை அந்த விரிசலுக்குள் புகுந்து பக்கவாட்டில் கசியும். எது முதலில் நடந்தது என்பதை ஒரு பூதக்கண்ணாடியே சொல்லிவிடுவதால், எனக்கு எல்லாச் சோதனைகளிலும் இதுவே பிடித்தமானது.

கையெழுத்தில் வேறொரு சிக்கல் உண்டு. போர்க்காலத்தில் வாஷிங்டன் அனுப்பிய கடிதங்களில் பலவற்றை எழுதியவர்கள் 1777இல் சேர்ந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் போன்ற உதவியாளர்களே. ஒரு 'ஜி', அதன் தோளில் சிறிய 'ஓ', பிறகு குடும்பப் பெயர் என்ற ஒப்பம் மட்டும் தளபதியுடையது. முழுக்கத் தம் கையாலேயே எழுதி ஒப்பமிட்டதை 'ஏ.எல்.எஸ்.' என்றும், பிறர் எழுத அவர் ஒப்பமிட்டதை 'எல்.எஸ்.' என்றும் விற்பனைப் பட்டியல்கள் குறிக்கும். விலையில் பெரும் வேறுபாடு இந்த ஓரெழுத்தால் வருகிறது.

எல்லாம் தேறிய பிறகும் ஒரு கேள்வி எஞ்சும்: கடிதம் யாருக்குச் சொந்தம்? ஹாமில்டன் 1780 ஜூலை 21 அன்று, அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டுக்கு எழுதிய கடிதம் 2018இல் வர்ஜீனியாவில் ஏலத்துக்கு வந்தது. கடிதம் அசல்தான், ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் மாசசூசெட்ஸ் மாநில ஆவணக் காப்பகத்திலிருந்து திருடப்பட்டது. அது மாநிலத்துக்கே உரியது என்று பிறகு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.