காய்ந்த சேறும் உதறும் ஸ்டியரிங்கும்

மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்கச் சேற்றுப் பாதையில் ஜீப்பை ஓட்டிவிட்டு, மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறுகிறீர்கள். 60 கி.மீ. வேகம் வரை ஒழுங்காகப் போகிற வண்டி, 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங்கை உதற ஆரம்பிக்கிறது. உடனே வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது) கடைக்கு ஓட வேண்டாம். குனிந்து ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சேறு அப்பிக் காய்ந்திருக்கும்.

அந்தச் சேறு வெறும் 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். மகிந்திரா தார் (Thar) ஜீப்பில் வரும் 255/65 ஆர்18 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 79 செ.மீ. 90 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குப் பத்துச் சுற்றுச் சுற்றும். மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒட்டியிருக்கும் அந்த 100 கிராம், சக்கரத்தைச் சுமார் 8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். மேலே, முன்னே, கீழே, பின்னே என்று இழுப்பின் திசையும் நொடிக்குப் பத்து முறை சுற்றி வரும். வேகம் பாதியானால் விசை கால்வாசி ஆகிவிடும். 45இல் 2 கிலோதான். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாமல் போவது அதனால்தான்.

சரி, சில வண்டிகளில் 100ஐத் தாண்டியதும் உதறல் குறைகிறதே? வண்டியின் ஸ்பிரிங்குக்கும் டயரில் உள்ள காற்றுக்கும் நடுவே சக்கரம் துள்ளுவதற்கு இயல்பாகவே ஒரு தாளம் உண்டு: நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை. சக்கரம் சுற்றும் வேகம் அந்தத் தாளத்தோடு சேரும்போது, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போல் ஆட்டம் பெருகும். தாண்டிவிட்டால் தணியும்.

டயர் அகலமாக இருப்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. உள்விளிம்பில் ஒரு பக்கமும் வெளிவிளிம்பில் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் எடை கூடியிருந்தால், அசையாமல் தொங்கவிட்ட சக்கரம் சமமாகவே நிற்கும். சுற்றும்போது மட்டும் இடமும் வலமுமாக நெளியும். இதை ஓடவிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். பேலன்சிங் மெஷின் சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே வெளியே இரண்டு விளிம்புக்கும் எங்கே எவ்வளவு வெயிட் ஒட்ட வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்வது இதற்காகத்தான். தடித்த ரப்பர் கட்டைகள் கொண்ட சேற்று டயருக்கு இரண்டு பக்கமும் அவசியம்.

வெயிட் ஒட்டுவதற்குப் பதிலாக, டயருக்குள் சின்னச் சின்ன உருண்டை மணிகளைப் போட்டுச் சமன்செய்யும் முறையும் உண்டு. மேலே துணி போடும் வாஷிங் மெஷினின் டிரம் விளிம்பில் உப்புத்தண்ணீர் அடைத்த வளையம் இருக்கும், அதே தத்துவம்தான். இயல்பான தாளத்தைவிட வேகமாகச் சுற்றும்போது, எடை குறைந்த பக்கம் சுழற்சி மையத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். உள்ளே அலைவது தானாகவே அங்கே போய்ச் சேர்ந்து குறையை ஈடுகட்டும். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இது. ஆனால் அந்தத் தாளத்துக்குக் கீழே மணிகள் கனமான பக்கமே போகும்! வாஷிங் மெஷின் டிரம் தளர்வாகத் தொங்குவதால் அதன் தாளத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. ஜீப் சக்கரமோ நாம் ஓட்டும் வேகத்தில் அந்த எல்லையிலேயே நிற்கிறது. அதனால் நான் பேலன்சிங் மெஷினைத்தான் நம்புவேன்.

பேலன்சிங் செய்த பிறகும் உதறினால்? ஜிம்னி போல முன்சக்கரம் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டிகளில் ஒரு சக்கரத்தின் ஆட்டம் மற்றதற்கும் தாவும். அப்போது தேய்ந்த மூட்டுகளையும் பேரிங்குகளையும்தான் பார்க்க வேண்டும். அந்தத் தளர்ச்சியை எந்த வெயிட்டும் சரிசெய்யாது.