டிட்டரன்ஸ்: ‘தடுப்பு’ என்றால் போதுமா?

அணு ஆயுதத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று எந்த நாட்டைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் டிட்டரன்ஸ் (deterrence): அடித்தால் திருப்பி அடிப்போம் என்ற பயத்தாலேயே எதிரியை அடிக்கவிடாமல் செய்வது. தமிழில் இதைத் ‘தடுப்பு’, ‘தடுப்பாற்றல்’ என்று எழுதிவருகிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 1968-இல் கையெழுத்தான அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஒப்பந்தம், அந்த ஆயுதம் மேலும் பல நாடுகளின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கானது. ‘அணு ஆயுதத் தடுப்புக் கொள்கை’ என்பதோ அதைக் கையில் வைத்திருப்பதற்குச் சொல்லும் நியாயம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்?

இச்சொல்லின் மூலம் லத்தீன். ‘டே’ என்றால் விலக, ‘டெர்ரேரே’ என்றால் அச்சுறுத்த. அதாவது பயங்காட்டி விலகச் செய்வது. ‘டெரர்’ என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். ஜெர்மானியரின் ‘அப்ஷ்ரெக்குங்’ அந்த அச்சத்தை மறைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் ‘டிசுவாசியோன்’ மட்டும் ‘வேண்டாமென்று மனத்தை மாற்றுவது’ என்று மென்மையாகப் பேசுகிறது.

வரும் ஏவுகணையை மறிக்கும் கேடயம் எதுவும் டிட்டரன்ஸில் கிடையாது. எதிரியின் மனக்கணக்குதான் எல்லாம். முதல் அடியில் நாடே அழிந்தாலும் திருப்பி அடிக்க ஏதாவது மிஞ்சும் என்று அவன் நம்ப வேண்டும். இதற்கு இரண்டாம் தாக்குதல் திறன் என்று பெயர். பிரிட்டன் 1969 முதல் அணு ஏவுகணை நீர்மூழ்கி ஒன்றையாவது எப்போதும் கடலுக்கடியில் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒன்று ரோந்தில் இருக்க, மற்றவை பராமரிப்பிலும் பயிற்சியிலும் இருக்கும். அதனால் நான்கு கப்பல்கள் வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றின் பெட்டகத்திலும் பிரதமர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று உண்டு: அரசே அழிந்துபோனால் என்ன செய்வது என்ற கட்டளை. பிரதமர் மாறினால் அந்தக் கடிதங்களைப் பிரிக்காமலே அழித்துவிடுவார்கள்.

அணு ஆயுதத்தைக் கைவிடத் தயங்குவோர் காட்டும் உதாரணம் உக்ரைன். அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் சேர்ந்து உறுதியளித்த 1994 புடாபெஸ்ட் உடன்படிக்கையை ஒட்டித் தன் மண்ணிலிருந்த சோவியத் அணுகுண்டுகளை ரஷ்யாவிடம் ஒப்படைத்தது. 2014-லும் 2022-லும் அதே ரஷ்யாவின் தாக்குதலுக்கு உள்ளானது. அந்தக் குண்டுகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. தானே செய்த ஆறு குண்டுகளையும் பிரித்துப்போட்ட தென்னாப்பிரிக்காவை இவர்கள் அதிகம் பேசுவதில்லை.

இந்த ஏற்பாடு எல்லாப் போரையும் நிறுத்திவிடாது. இந்தியா, பாகிஸ்தான் இரண்டும் 1998 மே மாதம் அணுச்சோதனை நடத்தின. அடுத்த ஆண்டே கார்கிலில் போர். பிழையான தகவல் அதைவிட ஆபத்து. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கணினி, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பியதாகக் காட்டியது. மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. ஐந்தே ஐந்தை வைத்து யாரும் போரைத் தொடங்கமாட்டார்கள் என்று யோசித்த பணி அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், அது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார்.

தமிழில் இதற்கு ‘வெருட்டு’ என்ற வினை கச்சிதமாகப் பொருந்தும்: பயங்காட்டி விரட்டு. பயிரைத் தின்ன வரும் பறவைகளுக்காக நிறுத்தும் பொம்மைக்கு வெருளி என்று பெயர். அது வெறும் பொம்மை என்று பறவைக்குத் தெரிந்துவிட்டால் பயனில்லை. அணு நாடுகள் ஏவுகணைச் சோதனையை ஊரறிய நடத்துவதும் இதனால்தான். ஆகவே டிட்டரன்ஸை ‘வெருட்டித் தடுத்தல்’ என்றும், பெயராக வேண்டுமிடத்தில் ‘வெருட்டுத் தடை’ என்றும் எழுதலாம். பரவலைத் தடுப்பதற்கும் ஏவுகணையை மறிப்பதற்கும் ‘தடுப்பு’ இருக்கட்டும்.