சொல் விளக்கம்: கட்டற்ற

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய மடிக்கணினியில், விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். முதலில் அவளுடைய கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, பென்டிரைவில் இருந்து நிறுவினேன். அரை மணி நேர வேலை. காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே அவளுடைய அம்மா, "எவ்வளவுங்க ஆச்சு?" என்று கேட்டார். "காசெல்லாம் இல்லைங்க, ஃப்ரீதான்" என்றேன். உடனே கேட்டார்: "எத்தனை நாளைக்கு?"

கேட்டதில் தப்பே இல்லை. முப்பது நாள் சும்மா, அப்புறம் பணம் கட்டு என்று திரையில் வருவதைப் பார்த்துப் பழகியவருக்கு 'ஃப்ரீ' என்றால் கெடு முடியும்வரை என்றுதான் பொருள். 'கட்டற்ற' என்று தொடங்கி நான் விளக்கியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், கட்டுப்படாததையும் குறிக்கும். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ என்ற இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். 1985இல் அவர் வெளியிட்ட க்னூ அறிக்கையிலும் இந்தக் குழப்பம் புகுந்துவிட்டது. அங்கே தாம் கையாண்ட சொற்கள் கவனக்குறைவானவை என்று பிறகு அவரே அடிக்குறிப்பு எழுதிச் சேர்த்தார். இத்தனைக்கும் அதே காலத்தில் உரை எழுதித் திருத்த உதவும் தம்முடைய ஈமேக்ஸ் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். விலை இருந்தது. வாங்கியவர் அதைப் படிக்கலாம், திருத்தலாம், நண்பருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். தடை எதுவும் இல்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியும், மறு ஆண்டே இதே உரிமைகளைத் தரும் க்னூவின் பொது உரிமத்தின்கீழ் வந்தது.

தமிழுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. காசில்லாததற்கு இலவசம் இருக்கிறது. மற்றதற்குக் கட்டற்ற. கட்டு என்பது பிணைப்பு, தளை. மாட்டைக் கட்டும் கட்டுத்தறியிலும், கட்டுப்பாட்டிலும், கட்டுக்காவலிலும் இருப்பது அதே கட்டுதான். 'அற்ற' என்பது 'அறு' என்னும் வினையின் பெயரெச்சம். மாசற்ற, குறையற்ற என்று நாள்தோறும் சொல்கிறோம். 'இல்லாத' என்று சொன்னால் வெறும் இன்மைதான் தெரியும். 'அற்ற' என்றால் இருந்த கயிறு அறுந்த ஓசையும் சேர்ந்து கேட்கும். பூட்டிய மென்பொருள்களுக்கு நடுவே பூட்டை விலக்கிக்கொண்டு வந்த ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று சொல்லிக்கொள்வதால் சொல் பலருக்கும் ஏற்கெனவே பழக்கம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கட்டற்ற வன்முறை என்று செய்தித்தாள் எழுதுகிறதே, அடங்காதது என்ற பொருள் வந்துவிடாதா? வரும்தான். அப்படி அஞ்சுபவர்கள் 'தளையறு மென்பொருள்' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் பேச்சில் நாக்கு அதற்குச் சட்டென்று வளையவில்லை. 'சுதந்திர மென்பொருள்' என்பாரும் உண்டு, பிழையில்லை. 'திறந்த மூலம்' வேறு கதை. 1998இல் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்த 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரின் தமிழ் அது. மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய வரிகள், திறந்திருக்கிறது என்பதை அது காட்டும். அதை வைத்திருப்பவருக்கு என்ன உரிமை என்பதைக் காட்டாது. திறமூலம் என்று சுருக்கினால் முதன்முதலாகக் கேட்பவர் 'திறம்' என்றே நினைக்கிறார்.

இலவசம், கட்டற்ற என்ற இரண்டு சொல்லுக்கும் உள்ள இடைவெளி ஒரே பெட்டிக்குள் இருந்ததும் உண்டு. தமிழ்நாடு அரசு 2011இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய கணினிக்கு 'விலையில்லா மடிக்கணினி' என்று பெயர். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. பாஸ், இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. மாணவருக்கு இரண்டுமே விலையில்லாதவை. ஆனால் கட்டற்றது ஒன்றுதான். விண்டோஸைத் தோழிக்குப் படியெடுத்துக் கொடுக்க உரிமம் விடாது. பாஸைக் கொடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திரையில் வரும் மெனுப் பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல் தப்பாக இருந்தால் திருத்தி ஊருக்கே அனுப்பலாம். எத்தனை பிள்ளைகளுக்கு இதை யாராவது சொன்னார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஆகவே லினக்ஸுக்கு மாறுகிறவர்களிடம் 'கட்டற்ற இயங்குதளம்' என்றே சொல்லுங்கள். காசில்லை என்பதை அடுத்த வாக்கியத்தில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஐயம் இருந்தால் சோதித்துப் பார்க்க உங்கள் கணினியிலேயே வழி இருக்கிறது. டெபியன், உபுண்டு, மின்ட் எதுவானாலும் பொது உரிமங்களுக்கென்று ஓர் அடைவு (ஃபோல்டர்) உள்ளே இருக்கும். அதில் க்னூ பொது உரிமத்தைத் திறந்தால் முன்னுரையிலேயே ஒரு வாக்கியம் வரும். அதை 'இலவச' போட்டுப் பெயர்த்துப் பாருங்கள்: "இலவச மென்பொருள் என்று நாங்கள் சொல்லும்போது குறிப்பது சுதந்திரத்தை, விலையை அன்று." வாக்கியம் தன் காலிலேயே இடறி விழுகிறது. 'கட்டற்ற' என்று மாற்றிவிட்டுப் படியுங்கள், நிற்கிறது.