கலந்து படித்தால்தான் பிரித்துப் பார்க்க வரும்

பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மொழிநடைப் பாடத்தில் வரும் கலைச்சொற்களுக்கு வரையறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தேர்வில் ஒரு செய்திப் பத்தியைக் கொடுத்து, இதில் என்ன உத்தி இருக்கிறது என்று கேட்டால் கை நின்றுவிடுகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?"

இல்லை. வரையறையைச் சொல்வது ஒரு வேலை, பத்திக்குள் அந்த உத்தியைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. முதலாவதில் தேறிவிட்டார், இரண்டாவதற்குப் பயிற்சியே எடுக்கவில்லை.

முதல் வேலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் நிற்கும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை நான்கு சுற்று படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு சுற்று மட்டும் படித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம்.

இரண்டாவது வேலைக்கு வருவோம். அது ஏன் கடினம் என்பதற்கு உண்மையான ஒரு உதாரணம். 1975 ஜூனில், அன்றைய ரொடீஷியாவின் சாலிஸ்பரி நகரில் (இன்றைய ஹராரே) போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் தலைப்பு: சாலிஸ்பரி கலவரத்தில் 11 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே நாட்டின் 'டைம்ஸ்' தலைப்பு: கலவரம் செய்த கறுப்பர்கள் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்புறம் 'டைம்ஸ்' எழுதிய தலையங்கத்தில் அது 'கலவரமும் வருந்தத்தக்க உயிரிழப்பும்' ஆகிவிட்டது. முதலில் செய்வினை. பிறகு செயப்பாட்டு வினை, போலீஸ் பின்னால் போய்விட்டது. கடைசியில் வினையே பெயராகிவிட்டது, போலீஸ் ஆளையே காணோம். டோனி ட்ரூ என்ற ஆய்வாளர் இதை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். இந்தக் கலைச்சொற்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். யார் சுட்டது என்ற விவரம் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று விரல் வைத்துச் சொல்ல அவை உதவுகின்றன.

சிக்கல் என்னவென்றால், செய்தவரை மறைக்கும் வழிகள் ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்தவை போலிருக்கும். 'தி ஃபேக்டரி வாஸ் க்ளோஸ்டு', 'தி ஃபேக்டரி க்ளோஸ்டு', 'தி க்ளோஷர் ஆஃப் தி ஃபேக்டரி'. மூன்றிலும் மூடிய முதலாளி இல்லை. முதலாவது, செய்தவர் இல்லாத செயப்பாட்டு வினை. இரண்டாவது எர்கேட்டிவ், ஆலை தானே மூடிக்கொண்டது போன்ற தோற்றம். மூன்றாவது பெயராக்கம். ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில், தனித்தனிப் பக்கத்தில் படித்தால், மூன்றுக்கும் பொதுவானதுதான் மனதில் பதியும். தேர்வில் கேட்பதோ வேறுபாட்டை.

இங்கேதான் உளவியலாளர்கள் நேட் கார்னெலும் ராபர்ட் பியோர்க்கும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று. 12 ஓவியர்கள், தலைக்கு 6 நிலக்காட்சி ஓவியங்கள். பாதி ஓவியர்களின் படங்களை ஒருவர் முடிந்தபின் அடுத்தவர் என்று வரிசையாகக் காட்டினார்கள். மீதிப் பேரின் படங்களைக் கலந்து காட்டினார்கள். பிறகு இதுவரை காட்டாத புதிய ஓவியங்களைக் கொடுத்து, யார் வரைந்தது என்று கேட்டார்கள். வரிசையாகப் பார்த்தால்தான் ஒருவரின் பாணி பிடிபடும் என்று ஆய்வாளர்களே எதிர்பார்த்திருந்தார்கள். நடந்தது நேர்மாறு. கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் மாணவர்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள். அதைவிட வியப்பு, தேர்வு முடிந்த பிறகும் பெரும்பாலானோர் வரிசையாகப் பார்த்ததே தங்களுக்கு உதவியது என்றார்கள்.

ஏன் இப்படி? ஒருவரின் படங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளிதான் காரணமோ என்று காங், பாஷ்லர் இருவரும் 2012-இல் சோதித்தார்கள். வெறும் இடைவெளி பயன் தரவில்லை. அடுத்தடுத்து வெவ்வேறு ஓவியர்கள் வருவதுதான் வேலை செய்தது. இரட்டைக் குழந்தைகளில் ஒருவனை மட்டும் தினமும் பார்த்தால் அவன் மூக்கோரத்து மச்சம் கண்ணில் படாது, இருவரையும் சேர்த்து நிறுத்தினால் உடனே தெரியும். மூளை அடுத்தடுத்து வரும் பொருட்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரே வகை வரிசையாக வந்தால் மாறாததைக் கவனிக்கும். வகை மாறி மாறி வந்தால் பிரிக்கும் கோடு எங்கே என்று தேடும். அந்தத் தேடல் சிரமமாக இருப்பதால் நமக்கு ஒன்றும் ஏறவில்லை என்று தோன்றுகிறது. அந்த நேரத்தில்தான் ஏறுகிறது.

மேலே உள்ள மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கடைசியில் 'பை தி ஓனர்' (முதலாளியால்) என்று சேர்க்கலாமா? முதலாவது ஏற்கும், இரண்டாவது ஏற்காது. மூன்றாவதும் ஏற்கும். சரி, அப்படியானால் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் என்ன வித்தியாசம்? மூன்றாவதில் காலமே இல்லை. மூடியாயிற்றா, இனிதான் மூடப்போகிறார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இந்த இரண்டு கேள்விகளும் வரையறையில் இருக்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாக முளைக்கும்.

செய்தி வாக்கியங்களை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்க்க, செலவு ஒரு செய்தித்தாளும் பென்சிலும்தான். ஆனால் நம் ஊரில் பெற்றோர்கள், நடுமூளையைத் தூண்டிக் கண்ணைக் கட்டினாலும் படிக்க வைப்போம் என்று சொல்லும் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். உண்மையில் குழந்தை படிப்பது கண்கட்டுக்குக் கீழே, மூக்கோரத்து இடுக்கு வழியாக. நடுமூளைக்கு அப்படியொரு திறமை கிடையாது. கார்னெல், பியோர்க் செய்தது போன்ற ஆய்வுகளுக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். நம் கல்லூரிகளில், நம் மாணவர்களை வைத்துச் செய்ய ஒரு சிறு நிதி ஒதுக்கினால் போதும். விண்கல ஆய்வுக்கு நிதி கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. வகுப்பறையும் ஆய்வுக்கூடம்தான் என்கிறேன்.

வாசகிக்கு ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் கலக்க வேண்டாம். கார்வாலோவும் கோல்ட்ஸ்டோனும் 2014-இல் காட்டியபடி, ஒன்றுபோல் இருக்கும் வகைகளுக்குத்தான் கலப்பது நல்லது. ஒரே வகைக்குள்ளேயே உதாரணங்கள் பலவிதமாக இருந்தால், அவற்றை வரிசையாகப் பார்த்துப் பொதுத்தன்மையைப் பிடிப்பதே மேல். ஆகவே உருவகத்தை ஆகுபெயரோடு கலக்குங்கள், எர்கேட்டிவைச் செயப்பாட்டு வினையோடு கலக்குங்கள். ஒலிக்குறிப்புச் சொற்களைத் தனியாகவே படிக்கலாம், அவற்றை யாரும் பெயராக்கத்தோடு குழப்பிக்கொள்வதில்லை.