சுள்ளி வேலிக்குள் படியும் கடற்சேறு

"வெள்ளம், கடலரிப்பு என்றால் உடனே நெதர்லாந்திலிருந்து நீர் நிபுணர்களை வரவழைக்கிறார்களே, அவர்கள் அப்படி என்னதான் கொண்டுவருகிறார்கள்? பத்து நாள் சுற்றிப் பார்த்து ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தால் கடல் பின்வாங்கிவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுவாகப் பதில் சொன்னால் உங்களுக்கும் சலிக்கும், எனக்கும் சலிக்கும். அதனால் இந்தோனேசியாவில் கடலுக்குள் கட்டிய ஒரு சுள்ளி வேலியின் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் பின்னணி கொஞ்சம். நெதர்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1953 பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலையில் வட கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அங்கே 1,836 பேர் இறந்தார்கள். அதன்பிறகு கட்டிய அணைகளையும் கதவுகளையும் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். இன்று அந்த நாட்டு அரசு நீர் நிபுணர்களின் குழு ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறது. பேரிடரைச் சந்தித்த நாடோ, சந்திக்கப் போகிறோம் என்று அஞ்சும் நாடோ முறையாகக் கேட்டால், அந்த ஊருக்குத் தேவையான ஆட்களை அனுப்புகிறார்கள்.

இது புதுப் பழக்கம் அல்ல. 1873இல் ஜப்பான் அரசின் அழைப்பில் யோஹானிஸ் டி ரைக்கே என்ற டச்சுக்காரர் அங்கே போனார். கூடப் போன பொறியாளர் ஜார்ஜ் எஷர். விசித்திரமான படிக்கட்டுகளை வரைந்து பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓவியர் எஷரின் தந்தை இவர். டி ரைக்கே பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல, கரை வேலை செய்தே தொழில் கற்றவர். ஜப்பானில் 30 ஆண்டுகள் இருந்தார். கிசோ, நகாரா, இபி என்று ஒன்றோடொன்று பின்னிக்கிடந்து வெள்ளக்காடாக்கிய மூன்று ஆறுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் திட்டத்தை வகுத்தார். வேலை 1887இல் தொடங்கி, அவர் கிளம்பிப் போன பிறகு 1912இல்தான் முடிந்தது. டச்சுக்காரர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோன உத்திகளில் ஒன்று, சுள்ளிகளைப் பாய் போலக் கட்டி, மேலே கல்லேற்றி ஆற்றடியில் அமிழ்த்துவது. ஆற்றின் அடிமண் அரிக்காமல் அந்தப் பாய் பிடித்துக்கொள்ளும். சுள்ளி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜாவாவுக்கு வருவோம். அந்தத் தீவின் வடகரையில், செமராங் நகரத்துக்குக் கிழக்கே டெமாக் மாவட்டம் இருக்கிறது. தட்டையான சேற்றுக் கடற்கரை. ஒரு காலத்தில் கரையெங்கும் அலையாத்திக் காடு இருந்தது. இறால், மீன் வளர்க்கும் குளங்களுக்காக அதை வெட்டினார்கள். சில ஆண்டுகள் நல்ல காசு வந்தது. அப்புறம் கடல் வந்தது. முதலில் குளத்து வரப்புகள் போயின, பிறகு குளங்கள், பிறகு தெருக்கள். சில இடங்களில் கரை ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக உள்வாங்கிவிட்டது. பெடோனோ கிராமத்தில் ஒரு இஸ்லாமியப் பெரியவரின் கல்லறை இன்று கடல் சூழ நிற்கிறது. சுற்றியிருந்த குடியிருப்பு போய்விட்டாலும் யாத்ரீகர்கள் இன்னும் வருகிறார்கள்.

கடல் அரித்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது சுவர். டெமாக் போன்ற சேற்றுக் கரையில் சுவர்தான் மிக மோசமான யோசனை. வந்த அலையைச் சுவர் அப்படியே திருப்பி அனுப்புகிறது. வரும் அலையும் திரும்பும் அலையும் சுவரடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது அலையின் உயரம் இரட்டிப்பாகிறது. அந்த ஆட்டத்தில் சுவரின் காலடிச் சேறு கிளம்பி மிதக்கிறது, வடியும் நீரோடு போய்விடுகிறது. கொஞ்ச நாளில் சுவருக்கு முன்னால் பள்ளம் விழுகிறது. பள்ளம் ஆழமானால் இன்னும் பெரிய அலை உள்ளே வர இடம் கிடைக்கிறது. கடைசியில் சுவர் சாய்கிறது. சேற்றுக் கரையைக் காப்பது அங்கே வந்து படியும் சேறுதான், சுவர் அதை வரவிடாமல் செய்துவிடுகிறது.

டச்சு, இந்தோனேசிய நிபுணர்கள் சேர்ந்து டெமாக்கில் செய்து பார்த்தது வேறு. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலுக்குள் இரண்டு வரிசையாகக் கழிகளை நட்டார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே சுள்ளிக் கட்டுகளைத் திணித்து வலை போட்டு இறுக்கினார்கள். அவ்வளவுதான். ஆட்டுப்பட்டி வேலி மாதிரி இருக்கும். தண்ணீர் இதற்குள் புகுந்து போகும், வரும். அலை மட்டும் அதே அலையாக வராது. ஆயிரம் சுள்ளிகளுக்கு நடுவே நுழையும் நீர் சிறு சிறு சுழல்களாகச் சிதறி, தன் ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பமாக இழக்கிறது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், வேலி உயரத்தைப் பாதியாக்கினாலே ஆற்றல் கால்வாசியாகிவிடும். வேலியில் மோதித் திரும்பும் அலையும் சிறிதுதான், அதனால் அடியில் பள்ளம் விழுவதில்லை.

சரி, வேலிக்குப் பின்னால் நீர் அமைதியாகிவிட்டது. இனி நடப்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கலங்கிய கடல்நீரில் மிதப்பது களிமண். ஒரு களிமண் துகளின் குறுக்களவு 2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அசையாத நீரில் ஒரு துகள் விழும் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். கணக்குப் போட்டால், இந்தத் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகிறது. ஆனால் கடல் ஏறி இறங்கும் இடைவெளி மணிக்கணக்கில்தான். மூன்று நாள் அமைதி எங்கே கிடைக்கும்? இப்படிப் பார்த்தால் வேலிக்குள் சேறு படியவே கூடாது.

படிகிறது. காரணம் உப்பு. களிமண் துகள் உருண்டை அல்ல, மெல்லிய தகடு. அதன் பரப்பில் எதிர் மின்சுமை இருக்கும். நன்னீரில் இந்தத் தகடுகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டுத் தனித்தனியாகவே மிதக்கும். புதுவெள்ளம் வந்த ஆற்று நீர் நாள்கணக்கில் தெளியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடல்நீரிலோ சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் ஏராளம். அவை தகடுகளைச் சூழ்ந்துகொண்டு, அந்த விலக்கு விசையை மிக அருகிலேயே முடக்கிவிடுகின்றன. அதற்குப்பின் இரண்டு தகடுகள் தற்செயலாக மோதினால் விலகுவதில்லை, ஒட்டிக்கொள்கின்றன. இரண்டோடு இன்னொன்று, அதோடு இன்னும் பத்து. நுண்ணுயிரிகள் சுரக்கும் பசையும் சேர்ந்துகொள்கிறது. இப்படிப் பஞ்சுப்பொதி போல ஒரு திரள் உருவாகிறது. அது மிகவும் தளர்வானது, உள்ளே பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் அளவு பெரிது என்பதால், நொடிக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் இறங்குகிறது. மூன்று நாள் வேலை இருபது, முப்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது!

இந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது கடலில் அல்ல, பாட்டி வீட்டில். கலங்கல் தண்ணீர் பிடித்த மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி விடுவார். கொஞ்ச நேரத்தில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். கடலில் உப்பு தொடங்கிவைக்கும் வேலையைப் பானையில் கொட்டையிலிருந்து கரையும் பொருள் செய்கிறது. துகள்களைச் சேர்த்துக் கட்டி, கனமாக்கி, கீழே இறக்குகிறது. உரசிய பிறகு பானையை அசைக்கவே கூடாது என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்வார். அந்தக் கண்டிப்பில்தான் சுள்ளி வேலியின் சூத்திரமே இருக்கிறது. இந்தத் திரள்கள் பலவீனமானவை, அலை அடித்தால் உடைந்து மறுபடியும் சிறு சிறு துணுக்குகளாகிவிடும். வேலி சேற்றைப் பிடிப்பதில்லை. பானையை அசைக்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. கடல் ஏறும்போது கலங்கல் நீர் சுள்ளிகளுக்கிடையே உள்ளே வருகிறது, அமைதியில் சுமையை இறக்கி வைக்கிறது, இறங்கும்போது கொஞ்சம் தெளிந்து வெளியே போகிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மெல்லியதாய் ஒரு படலம்.

தரை போதிய அளவு உயர்ந்ததும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஒதுங்கும். ஒதுங்கிய விதைக்கு, நீர் தூக்கிக்கொண்டு போகாத சில நாட்கள் வேண்டும். அதற்குள் வேர் இறங்கினால் பிழைத்தது. அது வளர்ந்து காடானால் வேலிக்கே வேலை இல்லை. அலையை ஆற்றுவதால்தான் அலையாத்தி என்ற பெயர் வந்தது என்று நம்மவர்கள் சொல்வார்கள். சுள்ளி வேலி செய்வதும் அந்தக் காட்டின் வேரும் தண்டும் செய்யும் அதே வேலைதான், காடு வரும்வரை.

நிலத்தையும் நீரோட்டத்தையும் சரிசெய்யாமல் வரிசையாகக் கன்று நடுவது பல நாடுகளில் தோற்றிருக்கிறது. நம் பிச்சாவரத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்ததால் தரை காய்ந்து அமுங்கி, தொட்டி போலப் பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, கன்றுகள் தாங்காத அளவுக்கு உப்பேறியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை ஓடவிட்ட பிறகே காடு திரும்பியது. அங்கே நீரை நகர்த்த வேண்டியிருந்தது, டெமாக்கில் நிறுத்த வேண்டியிருந்தது. எந்த இடத்தில் எது தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நிபுணரின் வேலை. மெரினாவில் போய்ச் சுள்ளி வேலி கட்டினால் ஒன்றும் நடக்காது. அது மணல் கரை, அதன் கணக்கே வேறு.

இந்த வேலி எங்கிருந்து வந்தது? நெதர்லாந்தின் வடகரையில், வாடன் கடலின் சேற்றுத் திட்டுகளில் இதே போன்ற சுள்ளித் தடுப்புகளால் நிலத்தை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் 400 மீட்டருக்கு 400 மீட்டர் என்று பாத்தி பாத்தியாகத் தடுக்கும் அந்த முறையை, 1930களில் அவர்களே பக்கத்து ஜெர்மன் கரையிலிருந்துதான் கற்றார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த அறிவு இது.

ஜாவாவில் அது அப்படியே பலிக்கவில்லை. வெப்பக் கடலில் கப்பற்புழு கழிகளைத் துளைத்துத் தின்றது. பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டி இனம். இது டச்சுக்காரர்களுக்குப் பழைய எதிரியும்கூட. 1730களில் அவர்களுடைய கடற்கரைகளைக் காத்த மரங்களையே தின்று தீர்த்து, நாட்டைக் கல்லுக்கு மாற வைத்தது. டெமாக்கில் மரக் கழிகளுக்குப் பதில் கான்கிரீட் நிரப்பிய பிவிசி குழாய்களுக்கு மாறினார்கள். சுள்ளிகள் நாளாக ஆக அமுங்கும், மிதந்து போகும். அவ்வப்போது மேலே புதிதாகத் திணிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கீழே இருந்தது. அந்தக் கரையில் நிலமே தாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆழ்குழாய்களில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண் அடுக்குகளுக்குள் இருந்த நீரழுத்தம் குறைந்து, மேலிருக்கும் மண்ணின் பாரத்தில் அவை நசுங்குகின்றன. களிமண் அப்படி ஒருமுறை நசுங்கினால், மறுபடி நீர் ஊறினாலும் பழையபடி உப்பாது. சில இடங்களில் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்கிறது. உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறுவது 4 மில்லிமீட்டர் அளவில். இருபது மடங்கு வித்தியாசம். வேலிக்குள் சேறு படிந்தது, சில இடங்களில் கண்டல் முளைத்தது. ஆனால் நிலம் வேகமாக இறங்கிய இடங்களில் படிந்த சேற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. மக்கள் வீட்டுத் தரையை மண்ணிட்டு உயர்த்துகிறார்கள். சில ஆண்டில் மறுபடியும் உயர்த்துகிறார்கள். கூரை அதே உயரத்தில் இருப்பதால் உள்ளே குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இதை வைத்துத் திட்டமே தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆழ்குழாய்க் கிணறுகளைக் கட்டுப்படுத்தாமல் கரையைக் காக்க முடியாது என்பது, அளவுகோலை நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்ததால்தான் உறுதியாயிற்று. என் வருத்தமெல்லாம், அளப்பதற்குத்தான் எந்த நாட்டிலும் பணம் ஒதுக்குவதில்லை என்பது. சுவருக்குக் கோடிகள் கிடைக்கும், அதைத் திறந்து வைக்கலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். மாதம் ஒருமுறை படகில் போய்ச் சேற்றின் உயரத்தைக் குறித்துவரும் ஒருவருக்குச் சம்பளம் கேட்டால் 'திட்டக்காலம் முடிந்துவிட்டது' என்பார்கள். கடலில் கொட்டும் கல்லில் நூறில் ஒரு பங்குச் செலவை அளப்பதற்கு வைத்தால்கூடப் போதும் என்பேன்.

வாசகர் கேட்ட அந்தப் பத்து நாளுக்கு வருகிறேன். பத்து நாளில் ஒரு நல்ல நிபுணரால் இங்கே சுவர் கட்டாதீர்கள் என்று சொல்ல முடியும். கலங்கல் நீரைக் குப்பியில் எடுத்து எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பார்க்க முடியும். எந்தக் கிணறுகளைக் கவனிக்க வேண்டும் என்று கேட்க முடியும். அதுவே பெரிய உதவி. வேலிக்குச் சுள்ளி திணிக்க மட்டும் அந்த ஊர் ஆட்கள்தான் படகெடுத்துப் போக வேண்டும், ஒவ்வோர் ஆண்டும்.