வேனில் டீசல் ஒழுகினால் முதலில் எங்கே பார்ப்பது?

தாராபுரம் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருக்கு. வண்டி நின்ன இடத்துல டீசல் சொட்டு கிடக்கு. மெக்கானிக் நாலு இன்ஜெக்டரையும் மாத்தணும்கிறார். மாத்தித்தான் ஆகணுமா சார்?"

டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை இப்போதைக்கு மாற்றாதீர்கள். சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. டீசல் பெட்ரோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது. பிளாக் மேல் படர்ந்து இறங்கி, எங்கோ ஒரு மூலையில்தான் சொட்டும். அதனால் இன்ஜினை முதலில் நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சந்தேகப்படும் இணைப்புகள் மேல் முகப்பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

டீசல் போகும் பாதையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்ப் வரை ஒன்று, பம்பிலிருந்து ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான, அழுத்தம் ஏறிய டீசல் நிற்கும் குழாய்) வழியாக இன்ஜெக்டர் வரை இன்னொன்று, மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் மூன்றாவது. முதல் பகுதியில் ஒரு விசித்திரம் உண்டு. டேங்குக்குள் மோட்டார் இல்லாத வண்டிகளில் பம்ப் டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது, அதனால் இன்ஜின் ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நிறுத்தினால் அதே ஓட்டை வழியாகச் சொட்டும், இல்லையென்றால் காற்றை உள்ளே விட்டு, குழாயில் இருந்த டீசல் ராத்திரியோடு டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் நிறைய அடிப்பதற்கு இதுவே போதும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு துண்டு ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் குற்றவாளி ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அல்லது தண்ணீர் வடிக்கும் திருகு. ஃபில்டர் மாற்றும்போது பழைய ரிங் மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ரிங்கை வைத்து முறுக்கிவிடுவதும் நடக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை டீசலில் நனைத்துப் போட்டு, லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டால் முடிந்தது.

இரண்டாவது பகுதியில் கையை வைக்கவே கூடாது. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் பீச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவாக இருக்காது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். பழைய இன்ஜின்களில் மிஸ்ஸிங் (எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று) பார்க்க ஓடும்போதே பைப் நட்டை லூஸ் செய்வார்கள், அந்தப் பழக்கம் இங்கே உதவாது. ஓடும்போது சந்தேகம் வந்தால் ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், நனைந்தால் போதும், இன்ஜினை நிறுத்திவிட்டு அழுத்தம் இறங்கச் சில நிமிடம் காத்திருங்கள். இந்த பைப்பின் கூம்பு முனை இறுக்கும்போது நசுங்கித்தான் அடைத்துக்கொள்கிறது. கசிந்தால் இன்னும் முறுக்காமல் புது பைப் போட வேண்டும்.

சரி, இன்ஜெக்டருக்கு வருவோம். எனக்கு இந்த இன்ஜினிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அது ஒழுகித்தான் வேலை செய்கிறது.

இன்ஜெக்டருக்குள் ஒரு ஊசி, நாசில் என்ற பீய்ச்சும் முனையின் துளைகளை அடைத்தபடி நிற்கிறது. அதை மின்காந்தத்தால் நேராகத் தூக்க முடியுமா? ஊசியின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1600 பாரில் அதன் தலையை அமுக்கும் விசை 200 கிலோ எடைக்குச் சமம். விரல் நீளச் சுருளால் அதை நொடிக்குள் பல தடவை தூக்கிப் போட முடியாது. அதனால் ஊசியின் தலைக்கு மேல் ஒரு குட்டி அறை வைத்தார்கள். ஒரு நுண்துளை வழியாக ரெயிலின் டீசல் அதற்குள் வருகிறது. அதைவிடச் சற்றே பெரிய துளை ஒன்று வெளியே போகிறது, அதன் வாயில் உருண்டையான ஒரு சின்னக் குண்டு உட்கார்ந்திருக்கிறது. மூடியிருக்கும்போது மேலும் கீழும் ஒரே அழுத்தம், ஆனால் மேலே அமுக்கும் பரப்பு அதிகம், ஊசி இறங்கியே இருக்கும். மின்காந்தம் அந்தக் குண்டை மட்டும் ஒரு துளி விடுவித்தால் போதும், உள்ளே வருவதைவிட வெளியே ஒழுகுவது அதிகமாகி, அறையின் அழுத்தம் சரிய, கீழே காத்திருந்த அழுத்தமே ஊசியைத் தூக்கிவிடுகிறது! குண்டு திரும்ப உட்கார்ந்ததும் அறை நிரம்பி ஊசி இறங்குகிறது. ஒரு மில்லிசெகண்ட் அளவில் முடிகிற வேலை இது, 2000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 தடவை நடக்கிறது. பிரதானப் பீச்சலுக்கு முன்னால் கொஞ்சூண்டு தனியாகப் பீய்ச்ச முடிவதால்தான் பழைய டீசல் வண்டியின் கடகட சத்தமும் குறைந்தது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் இந்த முறையோடு சந்தைக்கு வந்தது.

அப்படி ஒழுகிய டீசல்தான் ரிட்டர்ன் லைனில் வருகிறது. குண்டு உட்காரும் இடம் தேய்ந்தால் மூடியிருக்கும்போதும் ஒழுகும், செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் தேவையான அழுத்தம் ஏறாது, அது ஏறாமல் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பீய்ச்ச அனுமதிக்காது. எனவே நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, நான்கு கண்ணாடி பாட்டிலில் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டு அளவை ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்பினால் அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே மாதிரி, அளவோடு இருந்தால் ஒன்றையும் தொட வேண்டாம். வெளியே சொட்டுவது அந்த ரிட்டர்ன் ஹோஸின் பிளாஸ்டிக் இணைப்பு, அல்லது அதன் குட்டி ஓ-ரிங்காக இருக்கலாம். வெப்பத்தில் இறுகி வெடிக்கிற சாமான் அது.

இந்தச் சோதனைக்கே நம் மெக்கானிக்குகள் பலருக்குப் பயிற்சி கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஒவ்வொரு ஐடிஐயிலும் ஒரு காமன் ரெயில் டெஸ்ட் பெஞ்ச் வைக்க அரசு செலவு செய்ய வேண்டும். நாலு இன்ஜெக்டரை வீணாக மாற்றும் குடும்பத்தின் பணம் அதில் மிச்சமாகும். டேங்க் ஓட்டைக்குச் சோப்பு தேய்ப்பது புத்திசாலித்தனம்தான், சோப்பு டீசலில் லேசில் கரையாது, ஒர்க் ஷாப் போகும்வரை தாங்கும். ஆனால் அழுத்தம் உள்ள லைனில் சோப்பும் எம்-சீலும் நிற்காது. எலுமிச்சம்பழம் கட்டுவது உங்கள் விருப்பம், 'கண்ணு பட்டிருக்கு' என்று சொல்லி ஒழுகலை வாரக்கணக்கில் விட்டுவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது பிள்ளைகள். லோடில் டர்போவின் சூடு 600 டிகிரியைத் தாண்டும், டீசல் பற்ற 250 டிகிரி அளவே போதும். சாலையில் விழும் சொட்டு பின்னால் வரும் பைக்கைச் சறுக்கவிடும். ரப்பர் மவுண்டும் கூலன்ட் ஹோஸும் டீசலில் ஊறி உப்பிப்போகும்.

ஆகவே முதலில் ஃபில்டர் ஓ-ரிங், அடுத்து ரிட்டர்ன் இணைப்புகள், அப்புறம் பாட்டில் சோதனை. மாற்றியபின் திரும்பவும் கழுவி, பவுடர் தூவி, ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துப் பாருங்கள். காலையில் பவுடர் காய்ந்தே இருந்து, செல்ஃப் தொட்டதும் பிடித்தால் இன்ஜெக்டர் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை.