இ-ஆன்டிஜென் நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதி அடையலாமா?

இ-ஆன்டிஜென் என்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அதிகமாகப் பெருகும்போது ரத்தத்தில் தென்படும் ஒரு புரதம். அது இல்லை என்று வந்தால் என்ன பொருள் என்பது வைரஸின் வகையைப் பொறுத்தது. இந்த வைரஸின் மரபுத் தொடர் சுமார் 3,200 எழுத்துகள் கொண்டது. அதில் ஏறக்குறைய 8 சதவீதம் வேறுபட்டால் தனி ஜீனோடைப், அதாவது தனி வகை, என்று பிரிக்கிறார்கள். ஏ முதல் ஹெச் வரை எட்டு; பிறகு ஐ, ஜே சேர்ந்தன. ஜே வகை ஜப்பானில் ஒரே ஒரு நோயாளியிடம்தான் கிடைத்தது, அதனால் அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பி, சி கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியவை. இ வகை (இ-ஆன்டிஜென் வேறு) மேற்கு ஆப்பிரிக்காவில், எஃப் தென்னமெரிக்கப் பூர்வகுடிகளிடம், ஹெச் மெக்சிகோவில். ஏ2 வட ஐரோப்பாவில், ஏ1 ஆப்பிரிக்காவிலும் நம் பக்கமும். மத்தியதரைக் கடலோரம் தொடங்கி மேற்காசியா வழியாக இந்தியா வரை டி. இந்தியாவில் டி முதலிடம், அடுத்து ஏ. கிழக்கிலும் வடகிழக்கிலும் சி தென்படும்.

ஓர் இனத்தின் ரத்தத்தில் குறை என்று இதற்குப் பொருளில்லை. பிரசவத்திலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளும் தொற்றுவதால், குடும்பம் போகிற இடமெல்லாம் வைரஸும் கூடவே போகிறது. அலாஸ்கா பூர்வகுடிகளிடம் ஐந்து வகைகள் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மற்ற வகைகளில் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள் இ-ஆன்டிஜென் மறைந்துவிட, சி வகையில் அதற்கு 47 வயதுக்கு மேல் ஆகிறது. அதாவது பிள்ளை பெறும் வயது முழுக்கத் தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம். கிழக்காசியாவில் தாய்வழித் தொற்று அவ்வளவு பரவியதற்கு இது முக்கியக் காரணம்.

நமக்கு முக்கியமானது டி. வைரஸின் 1896-ஆம் இடத்தில் குவானின் என்ற எழுத்து போய் அடினின் வந்தால், இ-ஆன்டிஜென் தயாரிப்பு பாதியில் நின்றுவிடும். வைரஸ் பெருகுவது நிற்காது. மரபுத் தொடர் மடியும்போது இந்த இடத்துக்கு ஜோடியாக அமைவது 1858-ஆம் இடம். டி வகையில் அங்கே தைமின், அடினினோடு நன்றாகப் பொருந்தும். ஆகவே மாற்றம் எளிதில் நிலைக்கிறது. ஏ வகையில் பெரும்பாலும் சைட்டோசின், ஜோடி உடைந்துவிடும் என்பதால் இந்த மாற்றம் அரிது.

எனவே நம் ஊரில் “இ-ஆன்டிஜென் நெகட்டிவ், பயமில்லை” என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பது ஆபத்து. ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. அளவையும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற நொதியையும் பாருங்கள். டி.என்.ஏ. மில்லிக்கு 2,000 யூனிட்டுக்கு மேல், ஏ.எல்.டி.யும் அதிகம் என்றால் மாத்திரை தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. லேப் தாளில் ஏ.எல்.டி. 40 வரை நார்மல் என்று அச்சிட்டிருக்கும்; வழிகாட்டியின் வரம்பு ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19. இவ்வகை நோயில் ஏ.எல்.டி. ஏறி இறங்கும். ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜீனோடைப் டெஸ்ட் எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி பற்றி யோசிக்கும்போது உதவும்: ஏ வகை நன்றாகக் கேட்கும், டி அவ்வளவாகக் கேட்காது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளுக்கு வகை ஒரு பொருட்டல்ல. வைரஸ் அளவு குறைவாக இருந்தால் டெஸ்ட்டே முடிவு தராமல் போகலாம். அந்தக் காசில் வீட்டில் உள்ளவர்களுக்கு எச்.பி.எஸ். ஆன்டிஜென் (தொற்று இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, தொற்றோ எதிர்ப்புச் சக்தியோ இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம். பெரும்பாலான தடுப்பூசிகள் ஏ2 வகையின் புரதத்தில் செய்யப்பட்டவை என்றாலும் டி உட்பட எல்லா வகைக்கும் காக்கும்.